மருத்துவ மாணவர்களுக்குத் திரைப்படம் வழியே கற்பித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்.பி.பி.எஸ். வகுப்புகளில் திரைப்படக் காட்சிகளைக் காட்டிப் பாடம் நடத்த விரும்பும் ஆசிரியர்கள் பயிற்சிப் பட்டறைகளிலும் தொலைபேசியிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் பெரும்பகுதி வகுப்பறையில் பட்டுத் தெரிந்துகொண்டது என்பதால், ஆங்காங்கே என் சொந்தக் கருத்தும் கலந்திருக்கும்.

மருத்துவம் படிக்க வந்தவர்களுக்குச் சினிமா எதற்கு? வார்டில் நோயாளிகள் இல்லையா?

இருக்கிறார்கள். ஆனால் வார்டில் மாணவர் நிற்கும் இடம் எப்போதும் ஒன்றுதான்: யூனிட் சீஃபின் முதுகுக்குப் பின்னால், கையில் குறிப்பேட்டுடன். அங்கிருந்து பார்த்தால் கல்லீரல் எத்தனை விரற்கடை வீங்கியிருக்கிறது என்பது தெரியும். ரவுண்ட்ஸ் முடிந்து வெள்ளைக் கோட்டுகள் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்த பிறகு அந்த நோயாளி தன் மனைவியிடம் என்ன சொன்னார் என்பதும், மருந்துச் சீட்டுடன் கீழே போன மகன் எந்தக் கடை வாசலில் நின்று பணத்தை எண்ணினான் என்பதும் தெரியாது. திரைப்படத்தில் அவை தெரியும், ஏனென்றால் அங்கே கேமரா நோயாளியுடனேயே தங்கிவிடுகிறது.

இன்னொரு காரணம் கொஞ்சம் சங்கடமானது. வார்டில் ஒரு பேராசிரியர் நோயாளியிடம் எரிந்து விழுந்தால், அது சரியா என்று முதுநிலை (பிஜி) மாணவரால்கூட அந்த இடத்தில் கேட்க முடியாது. திரையில் வரும் பேராசிரியரைப் பற்றியோ முதலாண்டு மாணவரும் அச்சமின்றிப் பேசலாம். அப்படிப் பேசும்போது அவர் உண்மையில் யாரைப் பற்றிப் பேசுகிறார் என்பது வகுப்பில் உள்ள எல்லோருக்கும் தெரிந்திருக்கும், அதை யாரும் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை.

இது அண்மையில் கிளம்பிய யோசனையா?

இல்லை. அமெரிக்காவில் குடும்ப மருத்துவப் பயிற்சியில் இருந்த மேத்யூ அலெக்சாண்டரும் அவருடைய சகாக்களும் 1994இல் இதற்குச் ‘சினிமெஜுகேஷன்’ என்று ஒரு பெயரையே உருவாக்கினார்கள். ஸ்பெயினின் சலமான்கா பல்கலைக்கழகத்திலிருந்து மருத்துவமும் திரைப்படமும் பற்றிய தனி இதழ் 2005 முதல் வெளிவருகிறது. பிரேசிலில் பாப்லோ கொன்சாலெஸ் பிளாஸ்கோ குறுங்காட்சிகளைத் தொடுத்துக் காட்டி மாணவர்களைப் பேசவைக்கும் முறையைப் பல ஆண்டுகள் வளர்த்தெடுத்தார்.

நம் நாட்டில் இதற்கு முறையான கதவு திறந்தது 2019இல்தான். அந்த ஆண்டு சேர்ந்த மாணவர்களிலிருந்து திறன் சார்ந்த பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தபோது, ‘ஏட்காம்’ என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் மனப்பான்மை, அறநெறி, தகவல் தொடர்புப் பகுதி 27 அலகுகளுடன் கட்டாயமானது. மருத்துவராக இருப்பது என்றால் என்ன, நோயாளியாக இருப்பது என்றால் என்ன என்பவைதான் அதன் முதல் இரண்டு அலகுகள். இரண்டாவது கேள்விக்குப் பவர்பாயிண்ட் போட்டு விடை சொல்லிப் பார்த்தவர்களுக்கு, நான் ஏன் திரைப்படத்தின் பக்கம் போனேன் என்பதை விளக்கத் தேவையிருக்காது.

முழுப் படத்தையும் காட்ட வேண்டுமா?

நான் முதன்முதலில் செய்த தவறு அதுதான். மதிய உணவுக்குப் பிறகு, குளிரூட்டிய அரங்கில், விளக்கை அணைத்துவிட்டு, 150 மாணவர்களுக்கு இரண்டரை மணி நேரப் படம் ஒன்றைப் போட்டேன். பாதிப் பேர் தூங்கினார்கள், மீதிப் பேர் முகத்தில் கைபேசியின் வெளிச்சம் தெரிந்தது. படம் முடிந்தபோது கல்லூரிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது, ஆகவே கலந்துரையாடலே நடக்கவில்லை.

இப்போது 8 முதல் 12 நிமிடம் வரையுள்ள ஒரு காட்சியை எடுத்துக்கொள்கிறேன். ஒரு மணி நேர வகுப்பில் காட்சிக்கு அவ்வளவுதான் இடம், மற்றதெல்லாம் பேச்சுக்கு. முழுப் படத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று தோன்றினால், விடுதியில் ஒரு சனிக்கிழமை மாலை விருப்பமுள்ளவர்கள் மட்டும் பார்க்கட்டும். வருகைப் பதிவேட்டை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

முதல் வகுப்புக்கு எந்தக் காட்சியைப் பரிந்துரைப்பீர்கள்?

அகிரா குரோசாவாவின் ‘இகிரு’ (1952). படம் ஓர் எக்ஸ்ரேயில்தான் தொடங்குகிறது, அது கதாநாயகனின் வயிறு என்று பின்னணிக் குரல் சொல்கிறது. மாணவர்கள் உடனே நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள், ஏனென்றால் அது அவர்களுக்குத் தெரிந்த மொழி. ஆனால் நான் காட்டுவது அதற்குச் சற்றுப் பின்னால் வரும் மருத்துவமனைக் காட்சியை.

நகராட்சி அலுவலகப் பிரிவுத் தலைவரான வாடனபே, வயிற்றுவலிக்காகக் காத்திருப்புப் பகுதியில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் வந்து உட்காரும் வாயாடி நோயாளி ஒருவர், வயிற்றுப் புற்றுநோய் என்றால் மருத்துவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள், சாதாரணப் புண்தான் என்பார்கள், அறுவை சிகிச்சை வேண்டாம் என்பார்கள், செரிக்கக்கூடியது எதுவானாலும் சாப்பிடலாம் என்பார்கள் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். அவர் சொல்லும் அறிகுறி ஒவ்வொன்றும் தனக்கு இருப்பதை உணர்ந்த வாடனபே மெல்ல மெல்ல நகர்ந்து விலகுகிறார். பிறகு உள்ளே போனால், மருத்துவர் ஏறக்குறைய அதே சொற்களை, அதே வரிசையில் சொல்கிறார். வாடனபேயின் கையிலிருந்த கோட்டு நழுவி விழுகிறது.

இங்கே நிறுத்திவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன்: ‘நோயாளிக்கு நோய் என்னவென்று யார் சொன்னது?’ மருத்துவர் மறைத்துவிட்டதாகத்தான் முதலில் எல்லோரும் சொல்வார்கள். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர், அந்த வாயாடி சொல்லிவிட்டாரே என்பார். அங்கிருந்து பேச்சு நம் ஊருக்குத் தானாக வந்து சேரும். ‘அப்பாவிடம் சொல்லிடாதீங்க டாக்டர்’ என்று வராந்தாவில் வைத்துக் கேட்டுக்கொள்ளும் மகன்கள், கீமோதெரபி வார்டின் பெயர்ப் பலகையைப் படித்து எல்லாவற்றையும் புரிந்துகொண்டு, பிள்ளைகளுக்காகத் தெரியாதது போல் நடிக்கும் அப்பாக்கள் என்று மாணவர்களே உதாரணங்களைக் கொட்டுவார்கள். துயரச் செய்தியைச் சொல்வதற்கான ஆறு படிகள் கொண்ட ‘ஸ்பைக்ஸ்’ முறையை அதன் பிறகு கரும்பலகையில் எழுதினால், நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்டறியும் இரண்டாம் படி ஏன் அத்தனை முன்னால் இருக்கிறது என்பதை நான் விளக்க வேண்டியிருக்காது.

அந்தக் காட்சியில் இன்னொரு துண்டும் உண்டு. வாடனபே போன பிறகு, இவரைப் போல ஆறு மாதம்தான் இருக்கிறது என்றால் நீ என்ன செய்வாய் என்று மூத்த மருத்துவர் இளையவரிடம் கேட்பார். இளையவரிடம் பதில் இருக்காது. நேரமிருந்தால் அதையும் காட்டுங்கள், ஆனால் அந்தக் கேள்வியை மாணவர்களிடம் நீங்கள் கேட்காதீர்கள். வீட்டுக்குப் போகும்வரை அது அவர்கள் மனத்திலேயே இருந்துகொள்ளும்.

காட்சி முடிந்ததும் என்ன கேட்பது? ‘எப்படி இருந்தது’ என்று கேட்டால் ‘நன்றாக இருந்தது, சார்’ என்கிறார்களே?

அப்படிக் கேட்டால் அப்படித்தான் வரும். கண்ணால் பார்த்ததிலிருந்து தொடங்க வேண்டும். அறையில் யார் நின்றார்கள், யார் உட்கார்ந்தார்கள்? நோயாளியின் பெயரை எத்தனை முறை சொன்னார்கள்? யாருடைய கை எங்கே இருந்தது?

‘விட்’ (2001) படத்தில் இதற்கு அருமையான ஓர் இடம் இருக்கிறது. எம்மா தாம்சன் நடித்த விவியன் பேரிங் ஓர் ஆங்கிலப் பேராசிரியர், முற்றிய நிலையில் சூலகப் புற்றுநோய்க்கு உள்ளானவர். இளம் மருத்துவர்கள் அவருடைய கட்டிலைச் சூழ்ந்து நின்று, வயிற்றைத் திறந்து தொட்டுக் காட்டி, மருந்தின் பக்க விளைவுகளை ஒருவர் மாற்றி ஒருவர் ஒப்பிக்கிறார்கள். கிளம்பும்போது நன்றி சொல்ல மறந்துவிட்ட ஜேசன் என்ற இளம் மருத்துவருக்கு, தலைமை மருத்துவர் ஒற்றைச் சொல்லால் நினைவூட்ட, அவர் பாடம் ஒப்பிப்பதுபோல நன்றி கூறுகிறார். இந்த ஜேசன் ஒரு காலத்தில் விவியனிடமே படித்த மாணவர்.

ஒருமுறை இதைக் காட்டிவிட்டு, என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். பரிவு, கண்ணியம், இரக்கம் என்று பாடப்புத்தகச் சொற்கள் வரிசையாக வந்தன. பின் வரிசையில் இருந்த ஒரு மாணவி மட்டும், ‘போகும்போது போர்வையை யாரும் மூடவில்லை, சார்’ என்றார். திரும்ப ஓட்டிப் பார்த்தோம். ஆமாம், அவர் வயிறு திறந்தபடியே கிடக்க, எல்லோரும் வெளியேறிவிடுகிறார்கள். பிறகு இன்னொரு மாணவர் சொன்னார்: ‘நம் வார்டில் மறைப்புத் திரை இரண்டுதான் சார் இருக்கு, அதில் ஒன்றுக்குச் சக்கரம் இல்லை.’ அன்று மீதி நேரம் முழுவதும் அந்தத் திரையைப் பற்றித்தான் பேசினோம். யாரிடம் எழுதிக் கொடுப்பது, அதுவரை துப்பட்டாவையோ போர்வையையோ இரண்டு பேர் பிடித்துக்கொண்டு பரிசோதிக்க முடியாதா என்றெல்லாம். பரிவு என்ற சொல்லை அதன் பிறகு யாரும் உச்சரிக்கவில்லை.

தமிழ்ப் படங்களில் பயன்படுத்தத்தக்கவை உண்டா?

உண்டு, ஆனால் நல்ல மருத்துவர் வரும் படத்தைத் தேடிக்கொண்டு போகாதீர்கள். நெருடலான இடம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பாடம் இருக்கிறது.

ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) முழுக்க முழுக்க ஒரு மருத்துவமனைக்குள் நடக்கிறது. மருத்துவர் ஒரு காலத்தில் காதலித்த பெண், புற்றுநோய் கண்ட தன் கணவருடன் அங்கே வருகிறாள். அந்தக் கணவருக்கு அவரே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். இந்தச் சூழலில் அவர் கத்தியைத் தொடலாமா, வேறொருவரிடம் அனுப்பியிருக்க வேண்டாமா, பழைய உறவை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டாமா என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது படத்தின் முடிவு. நோயாளி பிழைக்கிறார், உடலையும் மனத்தையும் வருத்திக்கொண்டு உழைத்த மருத்துவர் இறந்துவிடுகிறார். நாம் அதைத் தியாகம் என்று கண்ணீர் மல்கப் பார்த்து வளர்ந்தோம். 36 மணி நேரம் தொடர்ந்து ட்யூட்டி பார்க்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்கு (பயிற்சி மருத்துவர்களுக்கு) இதைக் காட்டினால் அவர்கள் அழுவதில்லை. ‘அவருக்கு மாற்று ட்யூட்டி போட ஆளில்லையா?’ என்று ஒருவர் கேட்டார்.

2003இல் இந்தியில் ‘முன்னாபாய்’ ஆகவும், 2004இல் தமிழில் ‘வசூல்ராஜா’வாகவும் வந்த கதையில், கட்டிப்பிடி வைத்தியத்தை மட்டும் வைத்துக்கொண்டு பாடம் நடத்துவது சுலபம், ஆனால் பயன் குறைவு. டீனின் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனையோ அறுவை சிகிச்சைகளில் நடுங்காத கை, சொந்த மகளுக்குச் செய்ய நேர்ந்தால் நடுங்கும், ஏனென்றால் அங்கே அன்பு குறுக்கே வரும், ஆகவே நோயாளியிடம் அன்பு வைக்காதீர்கள் என்பது அவருடைய வாதம். படம் அவரைக் கேலிக்குள்ளாக்குகிறது. ஆனால் விலகி நின்று அக்கறை கொள்ளும் இந்தப் பயிற்சியை ரெனே ஃபாக்ஸ், ஹரால்டு லீஃப் ஆகியோர் 1963இலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். டீனுக்கு வக்காலத்து வாங்கிப் பேசும்படி வகுப்பின் ஒரு பாதியைப் பணித்தால், அவர் சொல்வதில் எவ்வளவு உண்மை இருக்கிறது, அந்த உண்மை எந்த இடத்தில் சாக்காக மாறுகிறது என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

குழந்தை மருத்துவத்திலும் மறுவாழ்வு மருத்துவத்திலும் இருப்பவர்களுக்கு ராமின் ‘பேரன்பு’. மூளை முடக்குவாதம் உள்ள மகள் பருவமடையும் நேரத்தில், அவளைத் தனியே வளர்க்கும் தந்தை படும் பாட்டைப் போல நம் பாடநூல்கள் எதுவும் எழுதவில்லை. தசை இறுக்கத்துக்கு என்ன மருந்து, எந்த வயதில் எந்தச் சிகிச்சை என்று படித்திருப்போம். மாதவிடாய் நாட்களில் அந்தப் பெண்ணுக்கு யார் உதவுவது என்ற கேள்வி, ஓ.பி.யில் ஐந்து நிமிடத்தில் எழவே எழாது.

நம் படங்களில் மருத்துவம் அபத்தமாகக் காட்டப்படுகிறதே, அதைக் காட்டலாமா?

தாராளமாகக் காட்டலாம். நோயாளிகளும் அவர்களுடைய உறவினர்களும் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் நம்மிடம் வருகிறார்கள். ‘மூன்றாம் பிறை’யில் விபத்தில் தலையில் அடிபட்ட பெண் குழந்தையாகவே மாறிவிடுவதும், வைத்தியம் முடிந்ததும் இடைக்காலம் முழுவதும் துடைத்தாற்போல மறந்துபோவதும் படத்துக்கு எத்தனை அழகோ, நரம்பியலுக்கு அத்தனை தூரம். அதைக் காட்டிவிட்டு, தலைக்காயத்தில் உண்மையில் எந்த நினைவு போகும், எது நிற்கும் என்று கேட்டால் ஒரு நல்ல பாடம் கிடைத்துவிடும். படத்தைக் குறை சொல்வதாக எண்ணி மனம் வருந்துபவர்கள் வகுப்பில் இருப்பார்கள், நானும் அவர்களில் ஒருவன்தான்.

இதயத் துடிப்பை மீட்கும் முதலுதவி பற்றி ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்கள் மூன்றை ஆராய்ந்து 1996இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான கட்டுரை, அவற்றில் அந்த முதலுதவி பெற்ற 60 பேரில் 67 சதவீதத்தினர் பிழைத்து வீடு திரும்புவதாகக் காட்டப்பட்டதைக் கண்டது. நிஜத்தில், நல்ல வசதிகளுள்ள மருத்துவமனைக்குள்ளேயே இதயம் நின்றாலும் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் வீடு திரும்புவதில்லை. ‘நெஞ்சை அமுக்கினால் எழுந்திருப்பாரே டாக்டர், ஏன் நிறுத்திவிட்டீர்கள்’ என்று அவசரப் பிரிவில் கேட்கப்படும் கேள்வி எங்கிருந்து வருகிறது என்பது மாணவர்களுக்குத் தெரிய வேண்டும்.

மனநலச் சிகிச்சையில் மட்டும் எச்சரிக்கை தேவை. திரையில் மின்னதிர்வுச் சிகிச்சை தண்டனையாகவே வருகிறது. மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இல்லாமல் அதைச் செய்வதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்திருக்கிறது என்பதையும், இன்றைய சிகிச்சை எப்படி நடக்கிறது என்பதையும் அதே வகுப்பில், முடிந்தால் மனநலத் துறையினரை வைத்தே சொல்லிவிட வேண்டும். காட்சி மனத்தில் ஆழமாகப் பதிந்துவிடும், அடுத்த வாரம் சொல்லும் திருத்தம் அவ்வளவாகப் பதியாது.

அறநெறி தவிர, பாடத்தையே திரைப்படத்தால் நடத்த முடியுமா?

ஓரளவுக்கு முடியும். 2018இல் கோழிக்கோட்டில் நிபா பரவி 17 பேர் இறந்ததை ஒட்டி எடுக்கப்பட்ட ‘வைரஸ்’ (2019) என்ற மலையாளப் படம், யாரிடமிருந்து யாருக்குத் தொற்று போனது என்று தேடும் வேலையைத் துப்பறியும் கதையைப் போலச் சொல்கிறது. சமூக மருத்துவத் துறையில் அதை இடையிடையே நிறுத்தி, அதுவரை கிடைத்த தகவலைக் கொண்டு மாணவர்களையே தொற்றுச் சங்கிலியை வரையச் சொல்லலாம். மற்றபடி மருந்தியலையும் உடற்கூறியலையும் திரைப்படத்தில் தேடுவது வீண் அலைச்சல்.

காட்சி யாராவது ஒரு மாணவரைப் பாதித்துவிட்டால்?

பாதிக்கும். 150 பேர் உள்ள வகுப்பில் தாயையோ தந்தையையோ அண்மையில் இழந்தவர் ஒருவராவது இருப்பார். ஒரு வகுப்பில், புற்றுநோய்க் காட்சி தொடங்கிய இரண்டாம் நிமிடத்தில் ஒரு மாணவர் எழுந்து வெளியே போனார். வருகைப் பதிவுக்குப் பயந்து மீண்டும் உள்ளே வந்து, தலையைக் குனிந்தபடி உட்கார்ந்துகொண்டார். எனக்கு விஷயம் தெரிந்தது ஒரு வாரம் கழித்து, அதுவும் அவருடைய நண்பர் சொல்லி. அது முழுக்க என் பிழை.

இப்போது முந்தைய நாளே காட்சியில் என்ன வருகிறது என்பதை வகுப்புக் குழுவில் எழுதிவிடுகிறேன், காரணம் சொல்லாமல் வராமலிருக்கலாம், வருகை குறையாது என்றும் சேர்த்து. தற்கொலை முயற்சி வரும் காட்சிகளை நான் காட்டுவதில்லை. பேச ஆள் தேவைப்படுபவர்களுக்குக் கல்லூரி மனநல ஆலோசகரின் எண்ணையும், அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி மானஸின் 14416 என்ற எண்ணையும் கடைசி ஸ்லைடில் போட்டுவைக்கிறேன்.

மதிப்பெண் போடலாமா?

கண்ணீருக்கு மதிப்பெண் போட்டால் அடுத்த முறை எல்லோரும் அழுவார்கள். ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்: காட்சியில் கவனித்த ஒரு செயல், அதைப் போல வார்டில் பார்த்த ஒரு செயல், அடுத்த முறை தான் செய்யப்போகும் ஒரு செயல். எழுதியிருக்கிறாரா, நோயாளியின் அடையாளம் தெரியாதபடி எழுதியிருக்கிறாரா என்று மட்டும் பார்த்து, மாணவரின் பயிற்சிப் பதிவேடான லாக் புக்கில் கையெழுத்திடுங்கள்.

பதிப்புரிமைச் சிக்கல் வருமா?

கல்வி நிறுவனத்தின் செயல்பாடாக, அதன் ஆசிரியர்களும் மாணவர்களும் பெற்றோரும் நிறுவனத்தோடு தொடர்புடையவர்களும் மட்டுமே பார்வையாளர்களாக இருக்கும்போது திரைப்படம் காட்டுவதற்கு, 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில் விலக்கு அளிக்கிறது. அதே காட்சியை வெட்டி யூடியூபில் ஏற்றுவதோ, கட்டணம் வாங்கும் மாநாட்டில் காட்டுவதோ வேறு விஷயம். ஓ.டி.டி. சந்தா உங்கள் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு என்று நிபந்தனை இருக்கும், எனவே கல்லூரி நூலகம் டிவிடியாக வாங்கிவைத்துக்கொள்வதே நிம்மதி.

தமிழ் தெரியாத மாணவர்கள் இருக்கிறார்களே?

அரசுக் கல்லூரிகளில் 15 சதவீத இடங்கள் அகில இந்திய ஒதுக்கீட்டில் நிரம்புகின்றன, ஆகவே இருப்பார்கள். துணைத்தலைப்பு உள்ள பிரதியைத் தேர்ந்தெடுங்கள். சில சமயம் ஒலியை முழுவதும் அணைத்துவிட்டுக் காட்டுவதும் உண்டு. உடல்மொழியைக் கவனிக்க அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

இதனால் மாணவர்கள் நல்ல மருத்துவர்களாக ஆகிறார்கள் என்பதற்கு ஆதாரம் உண்டா?

மாணவர்களுக்கு இம்முறை பிடித்திருக்கிறது, வகுப்பு முடிந்த கையோடு அளந்தால் மனப்பான்மையில் மாற்றம் தெரிகிறது என்பதற்கு ஆதாரம் நிறைய இருக்கிறது. ஐந்தாண்டு கழித்து, இரவு இரண்டு மணிக்கு, அவசரப் பிரிவில் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை அந்த ஆய்வுகள் அளக்கவில்லை. ஆகவே டீனிடம் அனுமதி கேட்கப் போகும்போது பெரிதாக வாக்குறுதி கொடுக்காதீர்கள். மாதம் ஒரு மணி நேரம் கேளுங்கள், போதும்.

யார் நடத்தலாம்? மனநல மருத்துவர்தான் வேண்டுமா?

எந்தத் துறையினரும் நடத்தலாம், 15 முதல் 20 பேர் வரையுள்ள சிறு குழுவுக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கில். முன்னதாக அவர்கள் காட்சியை இரண்டு முறையாவது பார்த்திருக்க வேண்டும். அதிகம் பேசாமல் இருக்கத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும், நம் தொழிலில் அது அரிது.

கூடவே ஒரு மூத்த செவிலியரையும் அழையுங்கள். ‘விட்’ படத்தின் இறுதியில், தன்னை உயிர்மீட்க முயல வேண்டாம் என்று விவியன் முன்பே முடிவு செய்திருந்தும், இதயம் நின்றதும் ஜேசன் அவசரக் குழுவை அழைத்துவிடுகிறார், சூசி என்ற செவிலியர்தான் தடுக்கப் போராடுகிறார். அதைக் காட்டிய அன்று, நோயாளியின் தன்னுரிமை பற்றியும், உயிர்மீட்பு வேண்டாம் என்ற முடிவுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பற்றியும் மாணவர்கள் நன்றாகவே விவாதித்தார்கள். அதுவரை பேசாமலிருந்த எங்கள் வார்டு சிஸ்டர் அவர்களைப் பார்த்துக் கேட்டார்: ‘எல்லாம் சரி தம்பி, அந்த முடிவைக் கேஸ் ஷீட்டில் எந்தப் பக்கத்தில் எழுதுவீர்கள்? நைட் ட்யூட்டியில் நான் ஒருத்தி, கட்டில் நாற்பது. டார்ச் அடித்துப் புரட்டினால் அது என் கண்ணில் படுமா?’